பத்திரிகையில் அப்பா பெயர்

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே புதிதாக ஒரு நகைக்கடை வந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் அதே ஆங்கில எழுத்து. நிற்கும் கோடுகள் தடியாக, இணைக்கும் கோடுகள் தலைமுடி போல் மெல்லிசாக, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு சின்னப் பாதம். தலைப்புக்கும் பலகைக்கும் என்றே வரைந்த எழுத்து அது. பெரிதாகப் போட்டால் அழகு. பொடியாகப் போட்டால் கண்ணைக் கெடுக்கும். பால் வாங்கப் போகிற வழியில் அதைப் பார்த்து நின்றால் பால் மறந்துபோகிறது. தாராவியில் எங்கள் பழைய வீடும் தங்கையின் கல்யாணமும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன.

கல்யாணப் பத்திரிகைக்கு அந்த எழுத்துதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் தங்கை. படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பேசுவது பாதி இந்தி. தமிழில் பஸ் போர்டு எழுதியிருந்தால் அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நான் அப்போது ஒரு டிசைன் ஆபீஸில் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பத்திரிகையை நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். தமிழுக்குக் கம்ப்யூட்டரில் கிடந்த குண்டு எழுத்தைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீசு பட்டுச்சேல கட்டி நிக்கி. நம்ம எழுத்து தண்ணி பிடிக்கிற லைன்ல இருந்து அப்படியே வந்த மாதிரில்லா இருக்கு. ஒங்கப்பா பேரு இதுலயா வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டு, பத்திரிகை வழியாக மட்டும்தான் அவர் அந்தக் கல்யாணத்துக்கு வர முடியும்.

வரைய உட்கார்ந்தேன். தமிழ் முழுவதற்கும் இல்லை, பத்திரிகையில் வருகிற எழுத்துகளுக்கு மட்டும். முதலில் இங்கிலீஷின் பாதங்களைத் தமிழுக்கும் மாட்டிப் பார்த்தேன். பாவம், 'ண'வுக்கு ஷூ போட்டுவிட்ட மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன். சுழி தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டுக் கனம் வைத்து, நிற்கும் கோட்டைத் தடியாக்கி, படுத்த கோட்டை மெல்லிசாக்கியதும் தமிழ் நிமிர்ந்து நின்றது. லோக்கல் ரயிலில் நின்றபடி காற்றில் விரலால் 'ழ' வளைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கிறவள் மெல்ல நகர்ந்துகொள்வாள். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

எங்கள் வீட்டில் தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவள் அம்மா ஒருத்திதான். அதனால் பிழை பார்க்கிற வேலை அவளுடையது. பிள்ளையார் சுழிக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சத்தமாக வாசிப்பாள். அப்பா பெயர் வந்ததும் விரலை அதன்மேல் வைத்து, 'ம்' என்று சொல்லி, அடுத்த வரிக்குப் போய்விடுவாள். புருஷன் பெயரை அவள் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் நாங்கள்தான் சொல்லவேண்டும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, ஜன்னலில் பெயர் கேட்டபோது என்னைத்தான் முன்னால் தள்ளினாள். இது என்ன வீம்பு என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.

குர்லாவில் தங்க நிற ஃபாயில் அடிக்கிற பட்டறையிலிருந்து மாதிரிப் பத்திரிகை வந்தது. அம்மா வாசித்தாள், விரல் வைத்தாள், 'ம்' சொன்னாள், எல்லாம் சரி என்று தந்துவிட்டாள். பட்டறைக்குப் போன் போட எடுத்தபோதுதான் பார்த்தேன். அப்பா பெயர் 'ப'வில் தொடங்கும். அதன் அடியில் படுத்திருக்கிற மெல்லிய கோட்டில் தங்கம் ஒட்டவேயில்லை. வெறும் இரண்டு குச்சிகள் நின்றன. தங்கம் பெயர்களுக்கு மட்டும்தான். பெண் மாப்பிள்ளை பெயர்கள் பெரிதாக இருந்ததால் தப்பித்துவிட்டன. அப்பா பெயர் சிறியது, கோடு தாங்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் அதை வாசிக்கவே இல்லையாம், தொட்டதோடு சரியாம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்ன அளவுக்கென்று மெல்லிய கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்கி, அவர் பெயரை மறுபடி வரைந்தேன். குர்லாவுக்கு ஓடினேன். அச்சடிக்கிறவர் 'சலேகா, சலேகா', இது போதும் என்று இந்தியில் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே புது அச்சில் ஒன்று அடித்துக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தாள். குலதெய்வம் வந்தது, நாள் நட்சத்திரம் வந்தது, 'தெய்வத்திரு' வந்தது. விரல் பெயருக்குப் போனது. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விடு என்றேன். அவள் விரலை எடுத்துவிட்டாள். பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்பா பெயரை முழுசாக, நிதானமாக வாசித்தாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவையும் வாசித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏணியில் ஏறிப்போகிற மேல்தட்டில் தங்கை சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அம்மா, யாரக் கூப்பிடுத?"

அம்மா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்கப்பாவத்தான்."