வடக்கே தலை வைத்த கட்டில்

உங்கள் கடிதத்துக்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத சங்கதி ஒன்று உண்டு. மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் என் தெருக்காரர்களுக்கு லெட்சுமி, மீனாட்சி என்றெல்லாம் பெயர். மாரியம்மன் கோயிலில் பயபக்தியாகக் கற்பூரம் ஒற்றிக்கொள்கிறார்கள். தமிழில் "சௌக்கியமா?" என்றால் மட்டும் மரியாதையாகச் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொல்கிறார்கள். மலாக்காச் செட்டிகள். பல தலைமுறைக்கு முன் வந்து, சாமியை வைத்துக்கொண்டு மொழியை விட்டவர்கள். நானோ தஞ்சாவூரிலிருந்து மொழியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த வாத்தியார். பகுத்தறிவாளன். கோயிலில் என் வேலை, மனைவியின் செருப்புக்குக் காவல் நிற்பது.

அந்தப் பகுத்தறிவுதான் என்னைக் கொல்லப் பார்த்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த மாதங்கள். வயிற்றுப் புண்ணுக்காக, இப்போது மூடிவிட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எதிர்வரிசையில் தெங்கேராவில் மளிகைக்கடை வைத்திருந்த சின்னையா, சர்க்கரை வியாதிக்காரர். அவருடைய கட்டிலில் தலைமாடு வடக்கே. "கண்ணை மூடினா பாடையில கிடக்கிற மாதிரியே இருக்கு வாத்தியாரே" என்று புலம்பினார். நான் அவருக்கு மூடநம்பிக்கை பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, கொள்கையை நிரூபிக்கக் கட்டிலை மாற்றிக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

காலையில் புது மிஸ்ஸி வந்தாள். நர்ஸுகளை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அன்றுதான் எங்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்த செட்டிப் பெண், லெட்சுமி. கட்டில் எண்ணைப் பார்த்து என் கையில் ஊசியை ஏற்றினாள். வெள்ளைக்கார வைத்தியத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நானும் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரிலிருந்து சின்னையா சொன்னார்: "வாத்தியாரே, அது எனக்குப் போடுற இன்சுலின் ஊசியில்ல?"

லெட்சுமி அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் ஓட்டை மலாயில் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தபோதே எனக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. மருந்து வேலை செய்தது அதற்குப் பிறகுதான்.

கை நடுங்கியது. பேய்ப் பசி. கெட்டியாகச் சர்க்கரை கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஜாங்ஙான் தாக்குட், மாமா." பயப்படாதீர்கள் என்று அர்த்தம். மாமா என்பது மட்டும் அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ். கிளாஸ் என் பல்லில் தடதடவென்று மோதியது. நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு கட்டிலோரம் குனிந்து ரகசியக் குரலில் மலாயில் பேசினாள். வெள்ளைக்கார மேட்ரன் ஊருக்குப் போகப்போகிறாள். முதல் தடவையாக உள்ளூர்க்காரி ஒருத்திக்கு வார்டுத் தலைவியான ஸிஸ்டர் பதவி கொடுக்கப்போகிறார்கள், தன் பெயர் அடிபடுகிறது. இது தெரிந்தால் லெட்சுமி தப்பு செய்தாள் என்று சொல்ல மாட்டார்கள். பார், இவர்களிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் என்பார்கள். ஆனால் இந்த மருந்து நாளைக் காலை வரை உடம்பில் நிற்கும். தன் வேலை நேரம் முடிந்தபின் வருகிறவளுக்கு எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே நான் போய்விடலாம்.

தஞ்சாவூரில் கம்பவுண்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தால் அது நோயாளியின் விதி. இங்கே அது ஒரு ஜனத்தின் யோக்கியதை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் அம்மா என்று பெருந்தன்மையாகச் சொல்ல வாய் வந்தது, உயிர் விடவில்லை. "பசிக்கிறது" என்றேன்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேட்ரன் அறைக்கு நடந்தாள்.

டாக்டர் வந்தார், பாட்டில் தொங்கியது, பிழைத்தேன். மேட்ரனிடம் என் புத்தக இங்கிலீஷில் விளக்கினேன்: வடக்கு திசை, எமன், பாடை, கட்டில் மாற்றம், எல்லாம் என் குற்றம், அந்தப் பெண்ணுடையது அல்ல. அவள் பொறுமையாகக் கேட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள், இன்னும் சர்க்கரை ஏறவில்லை, பிதற்றுகிறார் என்று.

மறுநாள் லெட்சுமி இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் பாண்டேஜ் சுற்ற அனுப்பிவிட்டார்கள். ஸிஸ்டர் பதவி வேறொருத்திக்குப் போயிற்று.

அந்த வாரமே இன்னொரு மிஸ்ஸி சின்னையாவுக்கு மாத்திரை கொடுத்தாள். அவர் விழுங்கிய பிறகு கிண்ணத்தைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். மேட்ரன் அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்தக் கிண்ணத்தை மற்றக் கிண்ணங்களுக்கு அடியில் செருகிவிட்டு, என்னிடம் சிரித்தபடி வந்தாள். நான் சொன்னால் எனக்கு மறுபடி சர்க்கரை இறங்கிவிட்டது, பிதற்றுகிறார் என்பார்கள். சின்னையாவின் மார்பு ஏறி இறங்குவதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வார்டில் நான் அதிகம் பயந்தது அன்றைக்குத்தான். மிஸ்ஸிகள் தங்கள் தவறை ஏன் சொல்வதில்லை என்று நீங்கள் எழுதிக் கேட்கிறீர்கள். சொன்னவளை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கொடி மாறிவிட்டது. செருப்புக் காவலில் நிற்கும்போது சில நாள் லெட்சுமி எதிரே வருவாள். மாமா என்று கூப்பிட்டு மலாயில் நலம் விசாரிப்பாள். நான் தமிழில் நலம் என்பேன். அவளுக்குப் புரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் என் கட்டிலை மூன்று சுவருக்கும் மாற்றிப் பார்த்தாயிற்று. தஞ்சாவூர் இங்கிருந்து வடமேற்கே இருக்கிறது. பாதி வடக்கு என்பதால் அந்தப் பக்கம் தலை வைக்கப் பயம். கால் நீட்ட மனம் வரவில்லை. கடைசியில் அறை நடுவே குறுக்காகப் போட்டிருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் அதில் இடித்துக்கொள்கிறார்கள்.