யாரையும் பார்க்காத ஊர்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில் நான் அதிக தூரம் ஓடவில்லை. திருவேற்காட்டுக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் வீடு கிடைத்தது. அதற்கு அப்பால் வர வண்டிக்காரன் சம்மதிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்த கையோடு, பக்கத்திலேயே சர்க்கார் பெரிய ராணுவ முகாம் கட்ட ஆரம்பித்தது என் ஜாதக விசேஷம். குண்டுக்குப் பயந்து ஓடியவன், குண்டு எங்கே விழுமோ அந்த இடத்தைத் தேடிப்போய் வாடகைக்கு எடுத்திருந்தேன்.

பட்டணத்தில் நான் ஆங்கில வாத்தியார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடமும் ஓடிப்போய்விட்டது; எந்தத் திசையில் என்று எனக்குத் தகவல் இல்லை. ஆகவே முகாமில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். ராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்று உறவுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டேன். நான் செய்தது, காய்கறி கொண்டுவருகிறவன் சொல்வதை வெள்ளைக்காரச் சமையல்காரனுக்கும், அவன் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறிக்காரனுக்கும் சொன்னது.

அப்போதுதான் அந்தப் படை வந்து இறங்கியது.

விசேஷப் படைகளைப் பற்றி நான் பத்திரிகைகளில் நிறையப் படித்து வைத்திருந்தேன். ஜெர்மானியர் சத்தமில்லாத விமானத்தில் கோட்டை மேலேயே இறங்கினார்களாம். இத்தாலிக்காரர்கள் வெடிகுண்டின் மேல் குதிரை மாதிரி உட்கார்ந்து கடலுக்கடியில் துறைமுகத்துக்குள் போனார்களாம். இங்கிலீஷ்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போய்த் தூங்குகிறவர்களைக் கட்டித் தூக்கி வந்தார்களாம். இப்படிப்பட்டவர்கள் ஆறடிக்குக் குறையமாட்டார்கள், பச்சைத் தவளையைத் தின்று ஏப்பம் விடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். லாரியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. வெயிலில் தோல் உரிந்த, ஒல்லியான பையன்கள். அவர்களில் ஒருவனுக்குத் தலை செக்கச்செவேல் என்று இருந்தது. வெயில் பட்டால் தீப்பிடித்த கூரை மாதிரி தெரியும்.

அவர்களுடைய கேப்டன் சண்டைக்கு முன்னால் ஊரில் லத்தீன் வாத்தியாராக இருந்தவர். யாருக்கும் தேவைப்படாத பாஷையைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்கள் என்ற முறையில் எங்களுக்குள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. அவர்தான் விவரம் சொன்னார். இந்தப் படைக்குச் சுடுகிற வேலை கொஞ்சம்தான். ஒளிகிற வேலைதான் முக்கியம். பர்மாக் கடற்கரைப் பக்கம் ஜப்பானியருக்குப் பின்னால் போய், நாள்கணக்கில் ஓரிடத்தில் பதுங்கியிருந்து, எதிரியின் வண்டி எது, படகு எது என்று பார்த்துச் செய்தி அனுப்ப வேண்டும். அங்கேயும் இதே மாதிரி வயல், வாய்க்கால், கோரை. எதிரி பார்த்துவிட்டால் அவ்வளவுதான். ஆகவே இங்கே கூவத்தின் கரையிலிருந்து பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் ஒளிந்து பழகப் போகிறார்கள். கிராமத்தாருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. விடியுமுன் போய்ப் பதுங்குவார்கள், உச்சிப்பொழுதில் திரும்புவார்கள். சாயங்காலம் நானும் கேப்டனும் வீடு வீடாகப் போய், சிப்பாய் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். மூன்று நாளும் யாரும் பார்க்கவில்லை என்றால் பரீட்சை தேறியது. அடுத்த ரயிலில் பர்மா.

முதல் நாள் சாயங்காலம் கேட்டோம்.

"சோல்ஜரா? நான் யாரையும் பாக்கலியே" என்றார் ஏர் ஓட்டுகிறவர், ஆகாயத்தைப் பார்த்தபடி.

"நாங்க ஏன் தொரை பாக்கப்போறோம்?" என்றாள் எனக்கு எதிர்வீட்டுக்காரி. நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். பெரிய குரல். அன்றைக்கு ஏனோ அந்தக் குரல் சின்னதாக இருந்தது. மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் முழுக்க நடமாட்டம் உள்ள கரையில், ஒரு கண்ணில்கூடப் படாமல் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரே ஒரு விஷயம் அவருக்குக் கவலை. பையன்கள் எல்லோரும் ஒரேமாதிரி சொன்னார்களாம்: காலையில் இந்தப் பக்கம் நடக்கிற ஜனங்கள் பயங்கரமாக இருமுகிறார்கள், புதர் பக்கம் வரும்போது அதிகமாகிறது. இந்த ஊரில் காசநோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் விசாரித்து வைத்திருந்தார்.

நான் மகா புத்திசாலி. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அன்று நான் வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டுக்காரி அடுப்பில் எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க ஓம வாசனை.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றேன்.

"நம்ம ஊட்ல யாருக்கும் இல்ல வாத்தியாரே. அந்தச் செம்பட்டத் தலப் புள்ளைக்குத்தான். மூணு நாளா அதே பொதருல குந்திகினு கீது. காலைல பாத்தாலும் கீது, நாங்க நாத்து எடுத்துகினு திரும்பறப்பவும் கீது. எந்நேரமும் வயிறு போனா புள்ள இன்னாத்துக்கு ஆவும்?"

"செம்பட்டைத் தலையா?"

"அது மட்டுமா? அந்தக் கூட்டம் மொத்தத்துக்கும் வயிறு கெட்டுப் போயிருக்குது. கரை நெடுக ஆளாளுக்கு ஒரு பொதரு, கைல தண்ணி புட்டி வேற. அந்தக் கேம்புல இன்னாத்தத்தான் ஆக்கிப் போடறானுவளோ! நீ அங்கதானே வேல பாக்கறே, சொல்லக் கூடாது?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் எல்லோரும் ஏரிக்கரைக்கு ஒதுங்குவார்கள். கரையில் நடப்பவர் புதரை நெருங்கும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு போக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் வருவது தெரியட்டும் என்று. கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பார்த்திருந்தாலும் பார்க்கவில்லை. பிற்பாடு யார் கேட்டாலும் பார்க்கவில்லை. நானே தினம் காலையில் கனைத்துக்கொண்டுதான் போகிறேன். அப்படியிருக்க, தண்ணீர்ப் புட்டியோடு புதருக்குப் பின்னால் குந்தியிருக்கும் மனிதனை மரியாதை தெரிந்த எந்த ஊரும் பார்க்காது. கேட்பவர் துரையாக இருந்தால் இன்னும் சுத்தமாகப் பார்க்காது.

சிரிப்பு வந்தது. உடனே போயும் விட்டது. ஜப்பான்காரன் கனைத்துக்கொண்டு வரமாட்டான். முகத்தையும் திருப்பிக்கொள்ள மாட்டான். இந்தப் பையன்கள் தங்கள் உடம்பு கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடு ரயிலேறப் போகிறார்கள்.

மறுநாள் கேப்டனின் கூடாரத்துக்குப் போனேன். அவர் படை தேறிவிட்டது என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு உற்சாகமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை எப்படிச் சொல்வது? நான் படித்த ஆங்கிலப் புத்தகங்களில் ராஜாக்கள் செத்தார்கள், காதலர்கள் செத்தார்கள், கப்பல்கள் மூழ்கின. ஒருவரும் வெளிக்குப் போகவில்லை. இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அந்தக் காரியத்துக்கு ஒரு கௌரவமான ஆங்கில வார்த்தை தெரியவில்லை. கடைசியில் இயற்கை என்றேன், அழைப்பு என்றேன், கிராமியப் பண்பாடு என்றேன். கேப்டன் பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் கூடாரத்தின் மூலையில் போய்க் குந்தி உட்கார்ந்து காண்பித்தேன்.

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எல்லோருமா பார்த்தார்கள்?"

"எல்லோரும்."

"இருமல்?"

"அதுவும் மரியாதைதான்."

அவர் முகம் சிவந்தது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரிக்கவில்லை. கூடாரத்துக்கு வெளியே, சட்டையில்லாமல் பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்களைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு டெலிபோன் இருந்த இடத்துக்குப் போனார். நான் எழுந்திருக்கலாம் என்று சொல்லாமலே போய்விட்டதால் கொஞ்சநேரம் அப்படியே இருந்தேன்.

தேறிய படை எப்படித் தேறாமல் போயிற்று என்று மேலிடத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னாரோ தெரியாது. கேட்ட அவகாசத்தில் பாதிதான் கிடைத்தது. அதற்குள் நிஜமாகவே ஒளியப் பழக வேண்டும். அதற்கு ஊர் நிஜமாகவே பார்க்க வேண்டும். அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என் பொறுப்பு.

"குந்திகினு கீற ஆம்பளைய உத்துப் பாத்துட்டு, வேற கத்தணுமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "இன்னா வாத்தியாரே, பொம்பளைங்க மானத்தோட பொயைக்கறது புடிக்கலியா உனக்கு?"

"அவர்கள் அதற்காகக் குந்தவில்லை அம்மா."

"பின்ன இன்னாத்துக்குக் குந்தறாங்க?"

"ஒளிந்துகொள்கிறார்கள்."

"யார்கிட்டேருந்து?"

"உங்களிடமிருந்துதான்."

"எங்ககிட்டேருந்தா? நாங்க இன்னா பண்ணோம் அவங்கள? ஓமத்தண்ணிதானே காச்சிக் குடுத்தேன்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பர்மாவைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அங்கே வயலில் நிற்கிறவன் பார்த்துவிட்டால் கத்தமாட்டான், சுடுவான் என்றேன். சிரிப்பு நின்றது.

"அந்தச் செம்பட்டத் தலையுமா போவுது?" என்றாள்.

"அவனும்தான்."

"அந்தத் தலைய வெச்சிகினா?" என்றாள். மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. நாளைலேர்ந்து பாக்கறோம்."

பார்த்தார்கள். கண்டுபிடிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காலி பிஸ்கட் டின் என்று கேப்டன் அறிவித்தார். அந்தத் தகரத்தில் அரிசி வைத்தால் எலி தொடாது. முதல் நாள் வெயில் ஏறுமுன்பே படை மொத்தமும் கரைமேல் வரிசையாக நின்றது.

"எயுந்து வா நைனா! கோரைக்கு நடுவுல ஆவாரஞ்செடி எங்கடா மொளைக்கும்?"

"இந்தாள் சோப்பு வாசன அக்கரை வரிக்கும் வருது!"

"கொக்கு ஒண்ணு கூட அந்தப் பக்கம் உக்காரல, அங்க ஒருத்தன் கீறான் பாரு!"

இவை எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் நான் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவர்கள் அவர்கள்தான். சோப்பை நிறுத்தினார்கள். ஒடித்துச் செருகிக்கொண்ட தழை பொழுதேறினால் வாடிக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்ததும் அதையும் விட்டார்கள். குந்துவதை விட்டு, சேற்றில் கழுத்து வரைக்கும் படுக்கக் கற்றுக்கொண்டார்கள். செம்பட்டைத் தலைப் பையன் தலையில் ஏரிச் சேற்றை அப்பிக்கொண்டு, காயக் காய மறுபடி அப்பிக்கொண்டான். முதலில் தினம் அவனைத்தான் முதல் ஆளாகப் பிடிப்பார்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. டின்கள் குறைந்துகொண்டே வந்தன. எதிர்வீட்டுக்காரிக்கு அது கோபம். கோபத்தில் இன்னும் உன்னிப்பாகத் தேடினாள்.

கடைசி நாள் அவளும் மற்றப் பெண்களும் கரையில் மேலும் கீழுமாக நடந்து தேடினார்கள். ஒருவனும் அகப்படவில்லை. கேப்டன் விசில் ஊதினார். மதகடியில் ஒரு நெட்டையன் எழுந்தான். பனை வடலி நிழலில் இருவர் எழுந்தார்கள். வரப்போரம், அவள் நாற்றுக்கட்டோடு நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்த இடத்தில், அவள் காலடியிலிருந்தே செம்பட்டைத் தலை எழுந்தது. அவள் அவன் கைவிரல் மேல்தான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். விரல் வீங்கியிருந்தது.

"அடப்பாவி! ஒரு வார்த்த கத்தறதுக்கு இன்னா?" என்று அவனை அடிக்கப் போனவள், அந்தக் கையைப் பிடித்து ஊதினாள். அவன் பல்லைக் காட்டினான். முகத்தில் அது ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் அவர்கள் ரயிலேறிப் போனார்கள்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு சங்கடம். பார்த்துப் பழகின கண் சட்டென்று மறப்பதாக இல்லை. காரியமாகவே ஒதுங்கியிருந்த என்னைப் பார்த்து ஒரு காலையில் "அதோ ஒருத்தன்!" என்று அக்கரையிலிருந்து குரல் கேட்டது. டின் கிடையாது என்று எழுந்து சொல்லவும் முடியாத நிலைமை எனக்கு. ஊர் பழைய மரியாதைக்குத் திரும்ப ஒரு அறுவடை ஆயிற்று.

சண்டை முடியும் தறுவாயில் கேப்டன் ஒருநாள் முகாமுக்கு வந்தார். ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார். தேநீர்கூடக் குடிக்காமல், என் எதிர்வீட்டு அம்மாளைப் பார்க்க வேண்டும் என்றார். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவள் கரையேறி வந்து, கும்பிடு போட்டுவிட்டு, முதலில் கேட்டது, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றுதான்.

எல்லோரும் வரவில்லை என்றார் கேப்டன். பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். வராதவர்களின் பெயரைச் சொன்னார். பெயர் அவளுக்கு எதற்கு ஆகும்? எனக்கே யார் யார் என்று தெரியவில்லை.

"மதகாண்ட படுப்பானே, நெட்டையா, அவனா?" என்றாள்.

மொழிபெயர்த்தேன். கேப்டன் தலையசைத்தார்.

"வடலியாண்ட ரெண்டு பேர் படுப்பாங்க. அதுல சின்னவனா?"

அதற்கும் தலையசைத்தார்.

"செம்பட்டத் தலை?"

மலேரியாவில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பிழைத்துக்கொண்டான் என்றார். அவள் சேற்றுக் கையால் கண்ணைத் துடைக்கப் பார்த்து, நினைவு வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாளு இங்கியே வெச்சிருந்து அனுப்பியிருக்கலாம் தொரை" என்றாள். "அந்த நெட்டையன் ஒளிஞ்சிகினு படுக்கறப்ப கால நீட்டிடுவான். அது ஒண்ணுதான் அவனுக்குப் படியல."

அதை நான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். கேப்டன் மதகின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வயலில் இருந்த பெண்கள் கூப்பிட்டார்கள். அவள் நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.