தோட்டா அச்சு வாங்கப் போன மாப்பிள்ளை

போன மாதம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம். டெக்சாஸிலிருந்து மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். அவருக்குப் பின்னால் கடைச் சுவர் முழுக்கத் துப்பாக்கி.

"மச்சான், ஒரு சாமான் வாங்கணும். கொஞ்சம் கூட இருங்க."

மாப்பிள்ளை என்றால் என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர். கீழ்வேளூர்க்காரர். நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போன ஸ்டெல்லாவின் பின்னாலேயே விசா வாங்கிப் போனவர்.

எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகக் கடைக்குப் போவதில்லை. மாடு வாங்கினாலும் சரி, மோட்டார் பம்ப்செட் வாங்கினாலும் சரி, கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். கடைக்காரர் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கத் தெரிந்தால் போதும். எங்கள் குடும்பத்தில் அந்த உத்தியோகம் எனக்கு.

"என்ன சாமான் மாப்பிள்ளை?"

"தோட்டா வார்க்கிற அச்சு."

தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை அங்கே ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்திருக்கிறார். அந்த வாரச் சனிக்கிழமை ரிவால்வர் போட்டி. சும்மா போய்ச் சுட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால், "எங்க ஊர்ல இட்லிக்குக்கூட கடை மாவு வாங்க மாட்டோம், வீட்டுலதான் அரைப்போம். தோட்டாவும் நானே வார்த்துக்கிட்டு வரேன்" என்று கிளப்பில் எல்லார் முன்னாலும் அளந்துவிட்டார். அளந்தது வெள்ளைக்காரர்களிடம். வாபஸ் வாங்க முடியாது.

அச்சைக் காட்டினார். பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி. நுனியில் இரண்டு கட்டி. பிரித்தால் உள்ளே குழி.

"இது பணியாரக் கல்லுங்க மாப்பிள்ளை."

"அப்படித்தான் தோணுச்சு. ரெண்டு குழி இருக்கு, ஆறு குழி இருக்கு. அலுமினியம், இரும்பு. எதை எடுக்க?"

துப்பாக்கியை நான் எங்கள் ஊர் பேங்க் வாசலில் பார்த்ததோடு சரி. அதற்காக ஆலோசனை சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஆறு குழியில ஒரே பக்கமா வேகும். ரெண்டு போதும். அலுமினியம் நமக்கு ஆகாது, இரும்பே எடுங்க. தட்டிக் காட்டச் சொல்லுங்க."

தொப்பி வைத்த கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தட்டிக் காட்டினார். நான் உதட்டைப் பிதுக்கினேன். வியாபாரம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை மறுபடி வந்தார். இந்தத் தடவை கார் ஷெட்டிலிருந்து. முகம் வாடியிருந்தது. உள்ளங்கையில் அவர் வார்த்த தோட்டாக்கள்... சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தன. சக்கரத்தில் மாட்டுகிற காரீயக் கட்டிகளில் டயர் கடையில் கழித்துப்போட்டதை உருக்கி ஊற்றினாராம். அச்சுக் குழியின் ஓரம் வரை நிறையவில்லை.

"இதைக் கொண்டு போனா சிரிப்பானுங்க மச்சான். கொஞ்சம் டின் சேர்த்தா சரியா வரும்னு கிளப்புல ஒரு பெரியவர் சொல்றார். ஆர்டர் போட்டா அடுத்த வாரம்தான் வருமாம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு போனை வைத்திருக்க வேண்டும். வைத்தேனா?

"டின்னுன்னா வெள்ளீயம்தானே மாப்பிள்ளை. நம்ம ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கே... அது சுத்தமான வெள்ளீயம்."

பொது அறிவாகத்தான் சொன்னேன். சத்தியமாக!

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஸ்டெல்லா டூட்டி முடிஞ்சு வர நேரமாகும்ல?"

ஸ்டெல்லாவின் கல்யாணச் சீரில் கும்பகோணத்தில் வாங்கிய சொம்பு அது. விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பாள். அந்த வகுப்பில் மாப்பிள்ளை ஒருவர்தான் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

தோட்டாக்கள் அற்புதமாக வந்தன. வெள்ளிக் கொலுசு முத்து மாதிரி மினுமினுப்பு. போட்டியில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்துப் பாராட்டினார்களாம். சுட்டதில் மாப்பிள்ளைக்குக் கடைசிக்கு முந்தைய இடம். போகட்டும், மானம் தப்பித்தது.

மழையில் நனைந்துகொண்டே சுட்டிருக்கிறார். தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், எந்தச் சாத்தான் நாக்கில் உட்கார்ந்ததோ, கேட்டுவிட்டார்.

"ஸ்டெல்லா, கொஞ்சம் மிளகு ரசம் வையேன்."

அடுத்த கால் மணி நேரத்தில் என் போன் அடித்தது.

"அண்ணே, சொம்பு எங்கன்னு கேட்டா ஒன்னையக் கேக்கச் சொல்றாரு. வலங்கைமான்ல இருக்கிறவனுக்கு என் அடுக்களைச் சொம்பு எப்படித் தெரியும்?"

"அது வந்து... இப்ப கிளப்புல இருக்கும்மா."

"கிளப்புல எங்க?"

"குறி பலகைக்குப் பின்னால ஒரு மண்மேடு இருக்காம். அதுக்குள்ள."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

ஊரில் ஒரு ரகசியமும் தங்காது. என் வீட்டு ஈயச் சொம்பு மறுநாளே பீரோவுக்குள் போய்விட்டது. சாவி மனைவியின் கழுத்துச் சங்கிலியில். புதுச் சொம்பு வாங்கி அனுப்ப வேண்டியதும் நான்தானாம். போன வாரம் கும்பகோணம் கிளம்பினேன். வழக்கப்படி கூட ஓர் ஆள் வேண்டுமே. மனைவியே வந்தாள். என் உதட்டை என்னால் பிதுக்கவே முடியவில்லை.

பாத்திரக் கடைக்காரர் அளவு கேட்டார்.

"எத்தனை பேருக்கு ரசம் வைக்கணுங்க?"

தங்கை வீட்டில் இருப்பது இரண்டு பேர். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அவளுக்கே போன் போட்டேன்.

"ஒரு ஆளுக்குப் போதும்ணே" என்றாள்.