ஸ்தமாதா கொட்டிய ஓடுகள்

எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஸ்தமாதா என்று பெயர் வைத்தால் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிடும். பெண் பிறந்தது போதும், இதோடு நிறுத்து என்று கடவுளிடம் சொல்வது அது. நாலாவதாகப் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் வாய்த்தது. ஆனால் நிற்கிற சுபாவம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. மீன்பிடிக்கப் போன புருஷன் கடலோடு போன பிறகு ஒலிவத் தோப்பைத் தனியாகவே பார்த்தாள். ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி விற்று, அசிமினா என்கிற ஒரே மகளை ஆளாக்கினாள்.

அசிமினாவுக்கு லாரி ஓட்டும் பையன் ஒருவனோடு நிச்சயமாயிற்று. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் எங்கள் பக்கம் கல்யாணம். பையனின் தாய் வேறு, வீடு எழும்பட்டும், பிறகு பாதிரியாரிடம் தேதி கேட்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ரோட்டை ஒட்டிய ஸ்தமாதாவின் கீழ்க்காட்டில் கட்டுவதென்று முடிவாகி, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று.

அந்த வசந்தத்தில்தான் தொல்லியல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் கோவில் தேடும் ஆட்கள் இல்லை. இடைவெளி விட்டு வரிசையாக நின்று, தலை நிமிராமல் காடு காடாக நடப்பார்கள். காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடும் கல்யாணக் கூட்டம் போலிருக்கும். உடைந்த பானை, கூரை ஓடு எது கிடைத்தாலும் பையில் போடுவார்கள். ஓடு எங்கே அதிகமோ அங்கே அந்தக் காலத்துக் குடியானவன் ஒருவனின் வீடு இருந்ததாக அர்த்தமாம். உயிரோடிருக்கும் குடியானவனை எட்டிப் பார்க்க ஒரு ஆபீசரும் வந்ததில்லை. செத்து இரண்டாயிரம் வருஷமானவனுக்கு இத்தனை மரியாதை!

கீழ்க்காட்டில் ஓடு அள்ள அள்ள வந்தது. சோதித்து முடிக்கும்வரை அங்கே கடப்பாரை படக்கூடாது என்று கல்லியோப்பி என்கிற ஆபீசரம்மா சொல்லிவிட்டாள். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, ஒரு வருஷமோ இரண்டோ ஆகலாம் என்றாள்.

அந்த ஓடு எப்படி அங்கே வந்தது என்பது ஊருக்குத் தெரியும். நிலத்தில் பழைய ஓடு கிளம்பினால், தொல்லியல் ஆபீஸ் காதுக்கு எட்டுமுன் பொறுக்கி வேலிக் கல்லுக்கு அடியிலோ வேறெங்காவதோ கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். யார் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் இந்த ஊரில்தான் காலம் தள்ள வேண்டும். மகள் சின்னவளாக இருந்தபோது ஸ்தமாதாவும் புருஷனும் மேல்தோப்பில் வீடு கட்ட ஆசைப்பட்டார்கள். மத்தியானம் ஊர் அசந்து தூங்கும் நேரத்தில், பிள்ளையை ஒலிவ நிழலில் படுக்கப் போட்டுவிட்டு, மேல்தோப்பு ஓடுகளைக் கூடை கூடையாக அள்ளிக் கீழ்க்காட்டுப் பள்ளத்தில் கொட்டினாள். வீடு எழும்புமுன் புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. கீழே அந்த முள்ளுக்காட்டுக்கு ரோடு வரும் என்று அப்போது யார் கண்டது?

ஸ்தமாதா உண்மையைச் சொல்ல ஆபீஸுக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் காப்பிக்கடையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. புருஷனின் அண்ணன் ஆர்கிரிஸ்தான் அவளை வழிமறித்தார்.

"நீ வாயத் தொறந்தா ஆபீஸ் உன்னோட நிக்குமா? ஒவ்வொருத்தன் வேலிக் கல்லையும் பொரட்டும். உன் மேல்தோப்ப எடுத்துக்கும். அப்புறம் நீ அங்க ஒரு குழி தோண்ட முடியாது. ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரும்மா."

"நான் கடிச்சிப்பேன் மச்சான். அசிமினாவச் சம்பந்தம் பேசினவங்க கடிப்பாங்களா?"

போய்ச் சொல்லிவிட்டாள். நான்தான் சுமந்து வந்து கொட்டினேன், பழைய வீடு இருந்தது மேலே, கீழே ஒன்றுமே இல்லை என்று. கல்லியோப்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நல்ல பெண்தான்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா வீடு கட்டணுமேன்னு சொல்றீங்கன்னு நாளைக்கு எல்லாரும் சொல்லுவாங்க. தோண்டிப் பாத்துடலாம். அதுக்கு அப்புறம் ஒரு பேச்சு இல்ல."

தோண்டும் நாளில் ஊரே காட்டுக் கரையில் நின்றது, ஆர்கிரிஸைத் தவிர. சதுரமாகக் கயிறு கட்டி, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி இறங்கினார்கள். அடியில் கிடப்பது முதலில் வந்தது, மேலே கிடப்பது பின்னால் வந்தது. அவர்களுக்கு அதுதான் சட்டம். ஓட்டுக்கு அடியிலும் ஓடுதான் வந்தது. ஸ்தமாதாவின் உதடு வெளுத்துவிட்டது. பாவம், தன் வாயாலேயே தோப்பையும் கெடுத்து வீட்டையும் கெடுத்துக்கொண்டாளே என்று நினைத்தேன்.

கடைசி ஓடுகளையும் எடுத்தபோது, யார் கையும் படாத கன்னி மண்ணுக்கு மேலே சிவப்பாக ஏதோ தெரிந்தது. கல்லியோப்பி தூரிகையால் மண்ணை நீக்கினாள். ஒரு சின்ன பிளாஸ்டிக் செருப்பு. வார் மட்டும் அறுந்திருந்தது.

கல்லியோப்பி குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தாள். இதற்கு மேலே கிடந்த ஓடெல்லாம் இந்தச் செருப்புக்குப் பிறகு வந்தவை, இனி வீடு கட்டத் தடையில்லை, மேல்தோப்பை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். கரையில் நின்றவர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் வேலிகளை நினைத்துக்கொண்டு மெல்ல நழுவினார்கள்.

அசிமினா குழிக்குள் இறங்கி அந்தச் செருப்பைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, இதத் தொலைச்சிட்டேன்னுதானே பண்டிகையன்னிக்கு என்ன ஒலிவக் கொம்ப அடிக்கிற மாதிரி வளைச்சி வளைச்சி அடிச்ச? நான் தொலைக்கலன்னு எவ்வளவு சொன்னேன்."

ஸ்தமாதா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிழலில் கழற்றி வைத்த செருப்பை ஓட்டோடு ஓடாக அவளேதான் வாரிக்கொண்டு போய் முதல் கூடையாகக் கொட்டியிருக்கிறாள். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஓடு கொட்டியதை ஆபீஸில் நிமிர்ந்து நின்று சொன்னவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னடி," என்றாள். "நாந்தான் நம்பல."