பொன்னமராவதிக்காரரும் எங்கள் தைலமரங்களும்

கஜா புயல் போய் ஐந்தாவது ஆடியில் என் மனைவி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்றால் பஸ் ஏறிப் போகவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சேர்ந்தாள். அவள் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணக்குப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் மேல்படிப்பு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஆன்லைனில் எம்.பி.ஏ. முதல் பருவத்திலேயே கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்று ஒரு பாடம். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் வகுப்பு.

நான் கிளை நூலகர். நாள் முழுவதும் தேதி முத்திரை குத்துகிறவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. மழை பெய்த நாள், டிரான்ஸ்பார்மர் வெடித்த நாள், கண்மாய் நிறைந்த நாள், திருவரங்குளம் கோயில் தேர் நிலைக்கு வந்த நாள் எல்லாம் என் டைரியில் இருக்கும். ஒரு கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள். என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து எதில் சந்தேகம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்பாள். பேப்பரில் வந்த ஒரு சொல், ஆதாரில் ஒரு திருத்தம், பிள்ளைக்கு எந்த ஊசி என்றைக்கு என்பது. "என்னங்க" என்று தொடங்கும் அந்தக் கேள்விகள் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பது அவை நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

ஆடி முழுவதும் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை வகுப்புக் குழுவில் கேட்டுக்கொண்டாள்.

ஆவணியில் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் ஊரில் உண்மையாகவே எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு, இப்போதே செய்தால் லாபமா, தள்ளிப்போட்டால் லாபமா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரே மாவட்டம் என்பதால் அவளுக்கு ஜோடியாகப் பொன்னமராவதிக்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கிட்டத்தட்ட என் வயது. அவர் பேசுவது எனக்குக் கேட்காது. அவள் சிரிப்பது மட்டும் கேட்கும்.

"என்ன ஜோக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க. குக்கர் விக்கிறத வச்சு ஒரு எக்ஸாம்பிள் சொன்னாரு. திருப்பிச் சொன்னாச் சிரிப்பு வராது."

திருப்பிச் சொன்னால் சிரிப்பு வராத பேச்சுகள் எங்கள் இருவருக்குள்ளும் ஒரு காலத்தில் இருந்தன.

அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கள் தைலமரங்களை என்பது, அவள் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. திருவரங்குளத்துக்குத் தெற்கே, அவள் அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்த மேட்டு நிலத்தில் அந்த மரங்கள் நிற்கின்றன. நிலம் அவளுடையது. எப்போது வெட்டுவது, எந்த வியாபாரிக்குக் கொடுப்பது என்பதெல்லாம் நான் பார்த்துக்கொள்வது. தைலமரத்தை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும். ஐந்தாவது தையில் வெட்டுவது என் வழக்கம். கஜாவில் விழுந்தது போக மிச்சத்தை அதற்கடுத்த தையில் வெட்டினோம். அதன் துளிர்தான் இப்போது மரமாகி நிற்கிறது. வருகிற தை ஐந்தாவது தை. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

புரிந்துகொள்ள முடிவு செய்தேன். நூலகத்தின் பின் அடுக்கில் நிதி மேலாண்மை பற்றிய பழைய தமிழ்ப் பாடநூல் ஒன்று கிடந்தது. கடைசியாக யாரோ அதைத் திருப்பித் தந்த தேதி படிக்க முடியாதபடி மங்கியிருந்தது. மதிய நேரங்களில் அதைப் படித்தேன். அவள் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். கேட்காததால் ஒரு வியாழக்கிழமை நானே போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தள்ளுபடி வீதம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"எது, ஆடித் தள்ளுபடியா?"

"வருங்காலப் பணத்த இன்னைக்கு மதிப்புக்குக் கொண்டாறதுக்கு ஒரு வீதம் வைப்பாங்கள்ல?"

"ஓ, டிஸ்கவுண்ட் ரேட்டா? அதெல்லாம் அவரு போட்டுட்டாருங்க." போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, கேமராவுல ஒங்க கைலி தெரியுது."

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதிக்காரர் மரங்களைப் பார்க்க நேரிலேயே வந்தார். பைக்கில் அத்தனை தூரம். குட்டையான மனிதர், நெற்றியில் வியர்வை, கையில் தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு டேப். ஒரு கெட்டவரை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவரோ என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அண்ணே, ஒங்களப் பத்தி மேடம் சொல்லிக்கிட்டே இருப்பாங்கண்ணே."

என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். அதுதான் முறை. மேடம் என்றார். அந்த ஒரு சொல்லை அன்று முழுவதும் மென்றுகொண்டிருந்தேன்.

மூன்று பேரும் மரங்களுக்குள் போனோம். நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றி அவர் அளவைச் சொல்லச் சொல்ல, அவள் போனில் குறித்துக்கொண்டாள். ஒருவர் சொல்லி முடிக்கும் முன்பே மற்றவருக்குப் புரிந்தது. நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன். நிலம் மேலே செம்பாறையாக இருக்கும். சரிந்து போய்க் கீழ்க்கோடியில் கண்மாய்க் கரையைத் தொடும். அங்கே நின்றுகொண்டு அவர் என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, கஜாவுல இங்கிட்டு எவ்வளவு போச்சு? எந்தப் பக்கம் ரொம்ப விழுந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? எனக்கு அது மனப்பாடம். புயல் அடங்கிய அன்றே அந்த நிலத்தில் நடந்து வரிசை வரிசையாக எழுதியவன் நான். அவர் கேட்ட விதத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தது அவரிடமிருந்து அல்ல.

"பாக்கணும். எங்கேயாச்சும் எழுதி வச்சிருப்பேன்," என்றேன்.

"பாத்துச் சொல்லுங்கண்ணே."

சொல்லவில்லை. ஐப்பசி முதல் சனிக்கிழமை அவள் வகுப்பில் கணக்கை எடுத்துச் சொல்ல வேண்டிய நாள். அன்றைக்கென்று நல்ல சேலை கட்டி, இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போனிலேயே எல்லோரும் கேட்கும்படி பேசினாள். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன். கணக்கு எளிமையாகவே இருந்தது. மரத்தை இப்போது விற்றுப் பணத்தை பேங்கில் போட்டால் அது ஒரு வேகத்தில் வளரும். வெட்டாமல் விட்டால் மரம் ஒரு வேகத்தில் வளரும். எது வேகமோ அதன் பக்கம் போக வேண்டும். மரம்தான் வேகம், இன்னும் இரண்டு வருஷம் நிற்கட்டும் என்றாள்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதற்குள் புயல் வந்தால்? அதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு இருவர் கணக்கையும் கவிழ்ப்பதாக இருந்தேன்.

"புயல் ரிஸ்க்குக்குத் தனியா கழிச்சிருக்கோம் மேடம்," என்றாள் அவள், பேராசிரியையிடம். "என் பார்ட்னர் மரவியாபாரிகள்ட்ட விசாரிச்சு, மொத்தத்துல எவ்வளவு போகும்னு ஒரு அளவு வாங்கிட்டு வந்தாரு."

தேங்காய்த் துருவியில் என் கை நின்றுவிட்டது. நான் தராததை அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அவள் தொடர்ந்தாள். "இதுவரைக்கும் இந்த மரத்துக்குச் செலவு பண்ணது எதையும் நாங்க சேக்கல. அது முடிஞ்சு போச்சு. எந்த முடிவு எடுத்தாலும் அது திரும்பி வராது."

"அதெப்படிச் சேக்காம இருக்கிறது?" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். "கஜாவுக்கப்புறம் முள்ளு வேலி போட்டு, துளிர ஆடு கடிக்காம ஒரு வருசம் காத்தது யாரு? நான்தான?"

போனுக்குள்ளிருந்து அந்தப் பேராசிரியை அம்மாவின் குரல்: "யாருங்க அது பின்னாடி?"

"எங்க வீட்டுக்காரரு மேடம்."

"நல்லது. ஸ்டூடண்ட்ஸ், இப்ப சார் சொன்னாரு பாருங்க, அதுதான் சங்க் காஸ்ட். செலவழிஞ்சு போனத மனசு விடாது. ஆனா முடிவெடுக்கும்போது அத விட்டுடணும். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்காது."

"மேடம், சாருக்கும் ஒரு அட்டெண்டன்ஸ் போட்ருங்க," என்றார் பொன்னமராவதிக்காரர். முப்பது நாற்பது பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதன்முறையாக அவர் ஜோக் எனக்கும் கேட்டது.

அன்று என்னை அதிகம் சுட்டது சிரிப்பு அல்ல. நடந்து முடிந்ததைத் தேதியோடு எழுதிவைப்பதுதான் இத்தனை வருஷமாக நான் செய்துவந்தது. நடந்து முடிந்ததற்குக் கணக்கில் இடமில்லை என்று சொல்லும் ஒரு படிப்பு இருக்கிறது, அதில் என் மனைவி கெட்டிக்காரி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கெட்டிக்காரர். படிப்பு, அவள், அவர் என்று மூன்றின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தையில் வெட்டப் போவதில்லை என்று முடிவாயிற்று. என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகி, நாலு நாள் விடாமல் மழை. கண்மாய் நிறைந்தது. கடைசி நாள் மாலையில் காற்றும் எழுந்தது. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சீவப்படுவதைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை தப்பட்டும் என்று. கஜாவில் கூரை போனவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முகம் நினைவுக்கு வந்து உள்ளே போய்விட்டேன். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

காலையில் மழை வெறித்ததும் இருவரும் ஸ்கூட்டரில் போனோம். ரோட்டிலிருந்தே தெரிந்தது, மரங்கள் நின்றன. முதலில் எனக்கு வந்தது ஏமாற்றம். நிம்மதி அதற்குப் பிறகு, மெதுவாக வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஈரத்தில் கீழ்க்கோடி வரை நடந்தாள். கண்மாய்க் கரையோர வரிசையில் மட்டும் இரண்டு மூன்று மரங்கள், வேர்ப்பக்கம் மண் பிளந்து, சாய்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கிட்டு மட்டும் ஏன் இப்படி?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, மரத்திடம் கேட்பது போலிருந்தது. ஆனால் அங்கே வேறு யாரும் இல்லை.

"கஜாவுலயும் இந்த வரிசைதான் மொதல்ல போச்சு," என்றேன். "கண்மாய் நெறஞ்சா இங்க மண்ணு எளகிரும், வேர் பிடிக்காது. மேல செம்பாறையில நின்னதுல முக்காவாசி அப்படியே நின்னுச்சு. அங்கன விழுந்தது கொஞ்சந்தான்."

அவள் திரும்பினாள். "இது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"எழுதியே வச்சிருக்கேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"அவரு கேட்டாரே? இதே எடத்துல நின்னுல்ல கேட்டாரு. நானும் பக்கத்துலதான நின்னேன்."

"ஆமா. அவருதான் கேட்டாரு."

இலைகளிலிருந்து தண்ணீர் எங்கள் இருவர் மேலும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தானா இத்தன மாசமா மூஞ்சிய அப்படி வச்சிருந்தீங்க?" அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நல்ல கூத்து. அங்க அந்த மனுசன் சம்சாரமும் இதே பாட்டுத்தானாம். எந்நேரமும் மேடம் மேடம்னு என்ன போனு, சோத்தையும் அந்த மேடத்துட்டயே வாங்கித் தின்னுங்கன்னு சட்டியக் கவுத்துருச்சாம்."

பொன்னமராவதியில் எனக்கு ஒரு துணை இருப்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தன் வீட்டுச் சண்டையைக்கூட அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார் என்பதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றாள். "கீழ வரிசைய மட்டும் தையில வெட்டிருவோம். மேல நிக்கட்டும். என்னங்க, சரியா வரும்ல?"

என்னங்க என்றாள். நான் சரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே, வரும் என்றேன். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். அவளோ முந்தானையில் போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்கழியில ஃபைனல் ரிப்போர்ட் குடுக்கணும். இத அவருகிட்ட உடனே சொல்லணும். நீங்களே சொல்லுங்க, எனக்கு அப்படி வராது." வாய்ஸ் மெசேஜுக்கான பொத்தானை அமுக்கியபடி போனை என் வாயருகே நீட்டினாள்.

சொன்னேன். எந்த வரிசை, எந்த மண், எந்த மாதம் கண்மாய் நிறைந்தால் என்ன ஆகும், எல்லாம். தேவைக்கு மேலேயே சொன்னேன். அவள் கை வலித்து மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் வண்டியை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. படித்துக் காட்டினாள். "சூப்பர் மேடம்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

வரும் வழியில், பின்னால் உட்கார்ந்தபடி, அடுத்த பருவத்துப் பாடத்துக்கும் ஜோடியாக அவரையே கேட்டிருப்பதாகச் சொன்னாள். மழையில் ரோடு அரித்துக் கிடந்தது. பார்த்துப் போகச் சொல்லி என் தோளைத் தட்டினாள். நான் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.