அக்கா என் கையில் தந்த தீப்பெட்டி

எங்கள் அக்கா இளவாலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இருபத்து மூன்று வயதில் மணமகளாகக் கனடாவின் மொன்றியல் நகருக்குச் சென்றார். அடுத்த வரியாக, இல்லறத்தை இனிதே நடத்தினார் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதமாட்டேன். மணந்தவன் முதல் மாதமே பெல்ட்டால் அடித்தான். இந்த நினைவு மலரில் எல்லோருக்கும் மரியாதை உண்டு, அவனுக்குக் கிடையாது.

அக்கா தொலைபேசியில் அழுவார். “கொஞ்சம் பொறுத்துப் போங்கோ அக்கா, பிள்ளை பிறந்தால் திருந்திடுவார்” என்போம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாம் ஆண்டு, ஜூன் இருபத்து நான்கு. பிரெஞ்சுக் கனடியருக்கு அது பெருநாள். சோறு அடிப்பிடித்ததற்காக அவன் அக்காவின் முகத்தை அலுமாரிக் கதவில் மோதினான். இரண்டு பற்கள் உடைந்தன. வெறுங்காலோடு அக்கா தெருவுக்கு ஓடினார். தெரு முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள், பாட்டு. துரத்தி வந்தவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். பாட்டு நின்றது. கீழ்வீட்டுப் பெண்மணி கையிலிருந்த கொடிக்கம்பால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். அவர் பிரெஞ்சில் திட்டியதில் ஒரு சொல்லும் அக்காவுக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் விளங்கியது.

பொலிஸ் வரும்வரை பூங்காவில் எரிந்த பெருநெருப்பின் அருகே, வாயில் ஐஸ் வைத்தபடி அக்கா இருந்தார். அந்தப் பெண்மணிதான் தெரிந்த ஆங்கிலத்தில் கதை சொன்னாராம். ஆண்டின் மிக நீண்ட பகல்களில் பிரான்சின் குடியானவர்கள் மூட்டிய நெருப்பு அது. பின்னர் திருச்சபை அதை, அரசன் ஒருவன் தலையை வெட்டிக் கொன்ற புனிதரான திருமுழுக்கு அருளப்பரின் பிறந்தநாளோடு சேர்த்துக்கொண்டது. கப்பலேறிக் கனடா வந்தவர்கள் அதை ஆற்றங்கரைகளில் மூட்டினார்கள். “தலையை வெட்டினாப் பிறகும் அவற்ற நெருப்பை அணைக்க ஏலேல்லைப் பார்” என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

அக்கா அவனை விட்டுக் கடல்கடந்து என்னிடம், நான் குடியிருக்கும் செவன் கிங்ஸுக்கு வந்து சேர்ந்தார். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு ஜூன் இருபத்து நான்கிலும் பூசை முடிந்ததும் எங்கள் பின்வளவில், பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் நெருப்பு மூட்டுவார்.

இரண்டாம் ஆண்டு நெருப்புக்கு அவன் வந்தான். பக்கக் கதவால் நுழைந்து, அக்காவின் கழுத்தைப் பிடித்து முகத்தை நெருப்புக்குள் அமுக்கப் பார்த்தான். அக்கா இடது கையைக் கொதிக்கும் டிரம்மில் ஊன்றித் தடுத்தார். தோல் இரும்போடு ஒட்டியது. வலது கையால் எரியும் கட்டையை உருவி அவன் காதோடு அறைந்தார். மீண்டும் அறைந்தார். அவன் சட்டை பற்றிக்கொண்டது. நான் அப்போதும் “விடுங்கோ அக்கா!” என்றுதான் கத்தினேன்.

அவன் சிறைக்குப் போனான், பிறகு வரவில்லை. “எப்பிடி விலாசம் கிடைச்சுதோ தெரியேல்லை” என்று அக்காவிடம் சொன்னேன். பொய். கொடுத்தவன் நான். உறவுகள் நச்சரித்தார்கள், அவனும் தொலைபேசியில் அழுதான், சேர்த்து வைக்கலாம் என்று நம்பினேன். பக்கக் கதவின் கொக்கியைக் கழற்றி வைத்ததும் நானே.

அதன்பின் ஆண்டுதோறும் அக்கா தீப்பெட்டியை என்னிடம் நீட்டுவார். “நீ மூட்டு, தம்பி.” தழும்பேறிய அந்த உள்ளங்கையில்தான் பெட்டி இருக்கும். நான் வாங்கி மூட்டுவேன்.

அக்கா புற்றுநோய் முற்றிப் படுத்திருந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடவில்லை.

“தெரியுமடா. அதுக்குத்தானே ஒவ்வொரு வருசமும் தீப்பெட்டியை உன்ர கையில தந்தனான். எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

இறுதிவரை உடனிருந்த பங்குத்தந்தைக்கும், முறைவைத்துப் பார்த்துக்கொண்ட அக்காவின் வேலைத்தோழிகளுக்கும், மொன்றியலிலிருந்து கொடி அனுப்பிய அந்தப் பெண்மணிக்கும் எங்கள் நன்றி.

முதலாம் ஆண்டுத் திருப்பலியை ஜூன் இருபத்து நான்கிலேயே ஒப்புக்கொடுக்கிறோம். முடிந்ததும் எங்கள் பின்வளவில் நெருப்பு. ஆளுக்கொரு விறகு கொண்டு வாருங்கள். “பொறுத்துப் போ” என்று அக்காவுக்குச் சொன்ன உறவுகளும் கட்டாயம் வரவேண்டும். முதல் குச்சியை நான் உரசுவேன். பிறகு பெட்டியை உங்களிடம்தான் நீட்டுவேன்.