ஹீனா சாத்தச் சொன்ன கதவு

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் அந்த இறைச்சி ஆலையில் இரண்டாவது குளிரறையின் கதவு முழுதாக மூடியதே இல்லை. இடுக்கில் எப்போதும் ஒரு பாத வடிவ மரக்கட்டை செருகியிருக்கும், பக்கத்து ஷூ கம்பெனி கழித்துப் போட்ட அச்சு. வைத்தவர் ஆரோக்கியசாமி. சரக்கு அடுக்கும் ஆட்களுக்குத் தலைவர். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்.

இடுக்கு வழியே குளிர் போய்க்கொண்டே இருந்ததால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் கரும்புகை கக்கியது. மின்சாரமும் புகையும் குறைந்தால்தான் அடுத்த ஆர்டர் என்றார்கள் சரக்கு வாங்குகிறவர்கள். ரம்ஜானுக்குள் குறையாவிட்டால் இரண்டாவது குளிரறையை மூடிவிடுவேன் என்றார் முதலாளி நசீர் அகமது. மூடினால் ஆரோக்கியசாமியின் ஆட்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்த ஹீனா, ஐடிஐ முடித்த பேர்ணாம்பட்டுப் பெண். வந்ததும் கட்டை முன்னால் குனிந்து நின்றாள். ஆரோக்கியசாமி சண்டைக்குத் தயாரானார்.

“இது எந்தக் கால்ணா? ஒத்தையா கீது.”

“வலது. என் உசுரே அதுலதான் நிக்குது. எடுக்காத.”

அவள் எடுக்கவில்லை. உள்ளே போய், உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழைத் தள்ளிப் பார்த்தாள். பனி இறுகி, அசையவே இல்லை.

“நீங்க பயந்தது சரிதாண்ணா. இத யாருமே பாக்கலயா?”

பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

குமிழைச் சுற்றிச் சூடேறும் கம்பி போட்டாள். அவசரத்துக்கு உள்ளே ஒரு மணி மாட்டினாள். பிறகு தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

“சாத்துங்கண்ணா.”

“வேற யார்னா சாத்தட்டும்மா.”

“நீங்கதான் சாத்தணும்.”

“மேடம் ஐஸ் ஆய்டப்போறாங்க,” என்றான் சரக்கு அடுக்கும் தனகோடி. யாரும் சிரிக்கவில்லை.

கட்டையை எடுத்துவிட்டுச் சாத்தினார். கதவோர ரப்பர் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே மணி இல்லை, தட்டல் இல்லை. இழுத்துவிடலாம் என்று அவர் பிடியை இறுக்கியபோது கதவு தானே திறந்தது. ஹீனாவின் புருவத்தில் வெண்பனி.

“ஏம்மா இவ்ளோ நேரம்?”

“மறுபடி பனி புடிக்குதான்னு பாக்கணும்ல. புடிக்கல.”

ஆரோக்கியசாமி அவளிடமிருந்து கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

“இப்ப நீ சாத்து.”

அவர் வெளியே வந்தபின் அன்று யாரும் கட்டையைத் தேடவில்லை. மாலையில் கம்ப்ரசர் சற்று நின்று ஓய்வெடுத்தது. கெட்டுப்போய்விட்டதென்று பதறி ஓடிவந்தார் நசீர் அகமது.

ரம்ஜான் வந்தது. இரண்டாவது குளிரறை திறந்தே இருக்கிறது, கதவு மட்டும் மூடியிருக்கிறது.